ஃப்ளை ரொட்டில் கணவாய் பிடிக்க என்ன மாதிரி ஃப்ளை கட்ட வேண்டும்?

நானுஓயா தூண்டில்:

எல்லோருக்கும் வணக்கம். ட்ரவுட்டுக்கும் திலாப்பியாவுக்கும் நானே ஃப்ளை (முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் போலி இரை) கட்டுகிறேன், ஆனால் கடலில் இதுவரை ஃப்ளை ரொட் வீசியதில்லை. ஜூனில் திருகோணமலைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறோம். அங்கே அத்தான் இரவில் பாறையில் நின்று கைக்கயிறு போட்டுக் கணவாய் பிடிப்பார், உடம்பின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்குச் செட்டை ஓடுமே, அந்தப் பெரிய வகை. அவர் பாவிப்பது கடையில் விற்கிற இறால் வடிவத் தூண்டில். துணி சுற்றி, வாலில் வளையமாக ஊசி வைத்திருக்கும். அதையே உன் ரொட்டில் கட்டி வீசு, வேறென்ன வேண்டும் என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சாதாரணத் தூண்டில் முள்ளில் கட்டினால் கணவாய் மாட்டுமா, இல்லை அந்த ஊசி வளையம் கட்டாயமா? பாரம் எவ்வளவு, எங்கே வைக்க வேண்டும்? மிதக்கும் லைனா, தாழும் லைனா? என்னிடம் ட்ரவுட்டுக்கு வைத்திருக்கும் 5 ஆம் இலக்க ரொட்டும், தெரிந்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த 8 ஆம் இலக்க ரொட்டும் இருக்கின்றன. மாதிரிக்கு ஒன்று கட்டி லயத்துக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். மூக்கு நேரே கீழே குத்திக்கொண்டு ஒரே போக்கில் அடிக்குப் போய்விட்டது. அது நல்லதா கெட்டதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைமுகடு:

கணவாய் வேண்டுமென்றால் மார்க்கட்டில் ஐஸ் போட்டு வைத்திருக்கிறார்கள், வாங்கிப் பிரட்டி வைத்தால் பஸ் காசு மிச்சம். சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், அத்தான் கைக்கயிற்றில் சுகமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஏன் பக்கத்தில் நின்று காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்?

கட்டுமேசை (பண்டாரவளை):

மலைமுகடு, வெள்ளைக்காரத் துரைமார் 1880களில் ட்ரவுட்டைக் கப்பலில் கொண்டுவந்து நம் ஓடைகளில் விட்டபோதும் யாரோ ஒருவர் இதைத்தான் கேட்டிருப்பார். ஏன் என்ற கேள்விக்கு ஃப்ளை கட்டுகிறவனிடம் பதில் கிடையாது, விடுங்கள்.

நானுஓயாத் தம்பி, உங்களுக்குச் சரியாகப் படாதது சரிதான். அந்த இறால் தூண்டிலை ஜப்பானில் எகி என்பார்கள், 2.5, 3, 3.5 என்று அளவு போகும். 3 ஆம் அளவே ஏறக்குறைய 15 கிராம் வரும். 8 ஆம் இலக்க ஃப்ளை லைனின் முன்பக்கம் 30 அடிக்கு உரிய நியம எடை 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம். ஃப்ளை ரொட்டில் லைனின் பாரம்தான் ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகிறது, இங்கே நுனியில் தொங்குவது லைனைவிடக் கனம் என்றால் அது எங்கே போகும், உங்கள் பிடரிக்குத்தான் வரும், அல்லது ரொட் நுனியில் அடித்து அதை முறிக்கும். 5 ஆம் இலக்கத்துக்கு அதே 30 அடி 9.1 கிராம்தான், அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 8 ஐ எடுங்கள், ஃப்ளை நனைந்த பிறகும் 2, 3 கிராமுக்குள் நிற்கட்டும்.

அடுத்து முள். கணவாய் இரையை விழுங்குகிற சாதி இல்லை. பின்னால் வந்து நின்று பார்க்கும், இரண்டு நீளக் கைகளை எறிந்து பிடிக்கும், எட்டுக் கைகளுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு, மீன் என்றால் தலைக்குப் பின்னால் அலகால் கடிக்கும். வாய்க்குள் போகாத இடத்தில் ஒற்றை முள் எதில் குத்தும்? சில நேரம் கையில் தற்செயலாக ஏறும், பெரும்பாலும் வழுக்கிவிடும். அதனால்தான் ஊசி வளையம். வளையம் முழுக்க ஊசிகள் முன்பக்கமாக மேல்நோக்கி வளைந்திருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து அணைத்தாலும் இரண்டு மூன்று ஊசியாவது கையில் ஏறும். ஊசியில், மாட்டியது கழறாமல் தடுக்கும் எதிர்முள் இருக்காது, கணவாயின் சதை அவ்வளவு மிருது, எதிர்முள் அதைக் கிழிக்கத்தான் உதவும்.

வளையத்தைச் செய்ய மெனக்கெட வேண்டாம் என்பது என் எண்ணம். அத்தானிடம் துணி கிழிந்த, மூக்கு உடைந்த பழைய தூண்டில் நிச்சயம் கிடக்கும், வாலில் கம்பியோடு சேர்த்து 2 சென்ரிமீற்றர் விட்டு வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பியில் 7, 8 சென்ரிமீற்றர் தண்டு செய்து, முன்னால் கண் வளைத்து, பின்னால் அந்த வால் கம்பியை ஒட்டி வைத்து நூலால் இறுக்கச் சுற்றிப் பசை விடுங்கள். தையல் கடைக் குண்டூசியில் செய்தால் உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் துரு ஏறும்.

இனி முக்கியமானது. தொட்டியில் மூக்குக் குத்திப் போனது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒன்றைத் திருத்தினால் மிச்சமெல்லாம் கட்டுகிறவரின் விருப்பம். கணவாய் ஃப்ளையை எடுப்பது பெரும்பாலும் அது விழும்போதுதான், இழுக்கும்போது அல்ல. விழுகிற விதம் பிழைத்தால் எவ்வளவு அழகாகக் கண் வைத்தும் பயனில்லை. கடை எகி மூக்கு சரிந்து ஏறக்குறைய 45 பாகையில், ஒரு மீற்றருக்கு 3 அல்லது 3.5 செக்கன் எடுத்துப் போகும், ஆழம் குறைந்த இடத்துக்குச் செய்தவை 6 செக்கன் அளவிலும் போகும். நீங்கள் அந்த மெதுவான பக்கத்தைக் குறிவைத்துக் கட்டுங்கள், இலேசான ஃப்ளைக்கு அது தானாகவே பொருந்தும். ஈயக் கம்பியைக் கண்ணை ஒட்டிச் சுற்றாமல் தண்டின் முன் மூன்றில் ஒரு பங்கு முடிகிற இடத்தில் வயிற்றுப் பக்கமாக வையுங்கள். முதுகில், ஊசி வளையத்துக்கு சற்று முன்னால், பழைய ரப்பர் செருப்பிலிருந்து சீவிய பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டுங்கள். அது வாலைத் தூக்கிப் பிடிக்கும், ஊசியும் பாறையில் சிக்காது. ரெஜிபோம் வேண்டாம், நூல் இறுகும்போது நொறுங்கிவிடும்.

தொட்டியில் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் அது நம் ஊர் நல்ல தண்ணீர். கடல் நீர் 2 சதவீதத்துக்கு மேல் கனம் கூடியது, மெல்லத் தாழட்டும் என்று நுணுக்கமாகப் பாரம் வைத்த ஃப்ளை அங்கே நடுவிலேயே நின்றுவிடலாம். 10 லீற்றர் வாளியில் 350 கிராம் உப்புக் கரைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய கடல் அளவுதான். நன்றாக நனைய விட்டுப் போடுங்கள், உலர்ந்த இறகு காற்றைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும்.

உடம்புக்குச் செயற்கை இழை நல்லது, தண்ணீர் குடிக்காது. கம்பளி நூலும் முயல் ரோமமும் ஊறிக் கனத்துவிடும், வீசி முடிவதற்குள் தோள் போய்விடும். பக்கத்துக்குச் சேவல் கழுத்து இறகு, மினுக்கத்துக்குப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய சரிகை, இது நம் வீட்டில் காசில்லாமல் கிடைப்பது. கண் பெரிதாக இருக்கட்டும். இழை எதுவும் ஊசி வளையத்தைத் தாண்டிப் பின்னால் நீளக் கூடாது. நீண்டால் கணவாய் அந்த நுனியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு விடும், ஊசி அதன் கையைத் தொடவே தொடாது.

உப்புக்காற்று (திருகோணமலை):

கட்டுமேசை கட்டுவதைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன்.

தம்பி, ஜூன் நல்ல காலம். அந்த நாட்களில் இங்கே கச்சான் காற்று வீசும், தரையிலிருந்து கடலுக்கு. கிழக்கைப் பார்த்த கரையில் நின்றால் காற்று உங்கள் முதுகில், கரையோரம் அலை அடங்கி, தண்ணீர் தெளிந்து கிடக்கும். முன்னால் வீசுவது சுகம், பின்வீச்சுத்தான் காற்றை எதிர்க்கும், அதை மட்டும் இறுக்கி அடியுங்கள். வாடைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, ஃப்ளை ரொட்டோடு இந்தப் பக்கம் வராதீர்கள். கடல் முரடு, அதோடு மழைத் தண்ணீர். உங்கள் நானுஓயாத் தண்ணீரே கொத்மலை ஓயாவில் விழுந்து, மகாவலியில் கலந்து, கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவுக்குத்தான் வருகிறது. வெள்ளம் வந்தால் குடா கலங்கி உப்புக் குறையும், கணவாய்க்கு இரண்டும் ஆகாது, கிளம்பிவிடும்.

இடம் தேட ஒரு வழி. பகலில் பாறை, சிறு இறங்குதுறை, தோணி கட்டும் இடமெல்லாம் நடந்து பாருங்கள், கறுப்பு மைத் தெறிப்பு காய்ந்து கிடந்தால் முந்தைய இரவு அங்கே யாரோ கணவாய் தூக்கியிருக்கிறார்கள். மை புதிதா பழையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடல்புல்லும் பாறையும் சேருகிற ஓரம் நல்லது. புறாத்தீவுப் பக்கம் போக வேண்டாம், 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் போடக் கூடாது. துறைமுகத்திலும் பல இடம் கடற்படைக்கு உரியது, அத்தானுக்குத் தெரியும், அவர் காட்டுகிற இடத்தில் நில்லுங்கள். நம் கடலில் வற்று பெருக்கு ஒரு மீற்றரும் இல்லை, அதைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டியதில்லை. பொழுது சாய்கிற நேரமும், விடிவதற்கு முன்னும், பிறகு இருட்டில் வெளிச்சம் விழுகிற இடமும். வெளிச்சத்துக்கு நடுவில் போடாதீர்கள். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கிற கோட்டில் அவை நிற்கும், அங்கே போடுங்கள். முழு நிலவில் லாம்பு வெளிச்சம் எடுபடாது.

வீசினீர்கள், எண்ணிக்கொண்டே தாழ விடுங்கள். இரண்டு குட்டி இழுப்பு, பிறகு சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் ட்ரவுட் ஆட்களுக்கு வராது. 5, 6 செக்கன் அது விழட்டும், உங்கள் பார்வை லைன் தண்ணீரில் நுழையும் இடத்தில் இருக்கட்டும். விழுந்துகொண்டிருந்த லைன் பாதியில் நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ, இழுக்கும்போது ஏதோ கனத்தாலோ அதுதான். ட்ரவுட்டுக்கு அடிப்பதுபோல ரொட்டை வெட்டி அடிக்காதீர்கள், கை அறுந்து வெறும் நுனிதான் வரும். ரொட்டை மெல்ல உயர்த்தி லைனை இறுக்கமாக வைத்தால் போதும், எதிர்முள் இல்லாத ஊசி என்பதால் ஒரு கணம் தொய்ந்தாலும் கழன்றுவிடும். பெரியது என்றால் விட்டு விட்டு நீரைப் பீய்ச்சிப் பின்னால் ஓடும், ரீலின் பிரேக்கை இலேசாக வைத்து ஓட விடுங்கள். தூக்கி ஆட்டி இழுக்கிற வேலை வேண்டாம்.

லைனைப் பற்றி ஒன்று. உங்கள் குளிருக்குச் செய்த ட்ரவுட் லைன் எங்கள் வெயிலில் இளகி ஒட்டும், ரொட் வளையங்களில் ஓடாது. வெப்பநாட்டுக்குச் செய்த லைன் ஒன்று இரவல் கிடைத்தாலும் வாங்கி வாருங்கள். அதே லைனை நுவரெலியாக் குளிரில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சுருள்கிறது என்று எறிந்துவிடாதீர்கள், அது இங்கே வந்தால் நிமிர்ந்துவிடும். கரையோரம் 2, 3 மீற்றர் ஆழம்தான் என்றால் மிதக்கும் லைனும் 10, 12 அடி லீடரும் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பு) போதும், 10 அல்லது 12 இறாத்தல் தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு. ஃப்ளையை வளைய முடிச்சில் கட்டுங்கள், தானாக ஆடட்டும்.

நானுஓயா தூண்டில்:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. கட்டுமேசை அண்ணே, நீங்கள் சொன்னபடி ஈயத்தைப் பின்னுக்குத் தள்ளி, செருப்புத் துண்டு வைத்து, உப்பு வாளியில் போட்டேன். இப்போது சரிந்து மெதுவாகப் போகிறது, மூக்குக் குத்தவில்லை. வீட்டில் உப்புப் பக்கெட் காலி, அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு சந்தேகம். நிறம் எது? இருட்டில் ஒளிர்கிற மணி, ஒளிர்கிற பூச்சு எல்லாம் தேவையா? அப்புறம், கொஞ்சம் ஆழமான இடத்தில் தாழும் லைன் போட்டால் என்ன?

கட்டுமேசை (பண்டாரவளை):

பெரும்பாலான கணவாய் இனங்களின் கண்ணில் ஒரே ஒரு ஒளி நிறமிதான், நம்மைப்போல நிறம் பிரித்துப் பார்ப்பதில்லை. பதிலுக்கு ஒளி எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை அறியும், நமக்குத் தெரியாத மினுக்கம் அதற்குத் தெரியும். ஆகவே ரோஸா செம்மஞ்சள் என்று கடையில் அடுக்கி வைத்திருப்பது பாதி வாங்குகிறவரின் கண்ணுக்கு. வெளிர் ஒன்று, கருமை ஒன்று, நடுத்தரம் ஒன்று, மூன்றும் இருந்தால் பின்னணிக்கு எதிராகத் தெரிவதைப் போடலாம். சரிகை கொஞ்சம் போதும். ஒளிர்கிற மணி, நிலவில்லாத இரவில் வெளிச்சமே இல்லாத இடம் என்றால் நான் ஒன்று வைப்பேன், வயிற்றில், ஈயத்துக்குப் பக்கத்தில்.

தாழும் லைன் எனக்குப் பிடிக்காது. லைன் ஃப்ளையைவிட வேகமாகத் தாழ்ந்தால் நடுவில் வயிறு விழுந்து ஃப்ளையை அதுவே கீழே இழுக்கும், நீங்கள் வாளியில் பார்த்துப் பார்த்து வைத்த சரிவு அங்கே இருக்காது. அவசியம் என்றால் மிக மெதுவாகத் தாழும் இன்டர்மீடியட் வரைக்கும் போங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

உப்புக்காற்று (திருகோணமலை):

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். 5, 6 மீற்றர் ஆழம், கொஞ்சம் நீரோட்டம் என்றால் மிதக்கும் லைனில் ஃப்ளை கணவாய் நிற்கிற மட்டத்துக்குப் போவதற்குள் ஓட்டம் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய்விடும். அங்கே தாழும் லைனும் 4, 5 அடிக் குட்டை லீடரும் போட்டு, ஃப்ளையில் பஞ்சைக் கூட்டிப் பாரத்தைக் குறையுங்கள். லைன் கீழே போகும், ஃப்ளை அதற்கு மேலே தங்கி நிற்கும், இழுப்பை நிறுத்தும்போது மெல்ல வந்து சேரும். சரிவு கொஞ்சம் மாறும்தான், ஆனால் கணவாய் இல்லாத மட்டத்தில் அழகாகச் சரிந்து யாருக்கு என்ன பயன்? ஒளிர்கிற மணியும் லாம்புக்குப் பக்கத்தில் வீண். அங்கே மேலே வெளிச்சம், கீழேயிருந்து பார்க்கிற கணவாய்க்கு ஃப்ளை கறுப்பு நிழலாகத் தெரிய வேண்டும், அதனால் கருமை.

தேயிலைப்பூ:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள், நான் ஃப்ளை வீசுவதில்லை, வீட்டில் இருவர் வீசுகிறார்கள், ஊசி எடுக்கிற வேலை எனக்கு. இருட்டில், காற்றில், பதினைந்து இருபது ஊசி உள்ள ஒன்றைத் தலைக்கு மேல் சுழற்றப் போகிறீர்கள். கண்ணாடியும் தொப்பியும் போடாமல் வீச வேண்டாம், பிள்ளைகளைப் பின்னால் நிற்க விட வேண்டாம். வீசுகிற தோள் பக்கம் காற்று அடித்தால் இடம் மாறி நில்லுங்கள். பையில் கொண்டுபோகும்போது ஊசி வளையத்துக்கு மேல் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை ஏற்றிவிட்டால் துணியில் மாட்டாது. கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று பஸ் மாறி மாறிப் போகிற பயணம், பக்கத்தில் இருப்பவர் மடியில் ஊசி ஏறினால் அத்தான் வந்து சமாதானம் செய்ய மாட்டார்.

இன்னொன்றும் கேட்டு வைத்திருக்கிறேன். கடல்புல்லிலும் கயிற்றிலும் வெள்ளை வெள்ளையாக விரல் மாதிரிக் கொத்துத் தொங்கினால் அது கணவாய் முட்டையாம். அதைக் கண்டால் அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போட்டால் நல்லதல்லவா?

உப்புக்காற்று (திருகோணமலை):

அக்கா சொல்வது சரி. முட்டைக் கொத்துக்குப் பக்கத்தில் சோடியாக நிற்பவற்றைப் பிடிப்பது சுலபம், அதனால்தான் பிடிக்கக் கூடாது. இந்தக் கணவாயின் ஆயுளே ஒரு வருடத்துக்கும் குறைவு, முட்டையிடும் காலத்தில் எடுத்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு அங்கே என்ன மிஞ்சும்? குட்டி வந்தாலும் ஊசியைக் கவிழ்த்துப் பிடித்தால் தானே கழன்று விழும், திருப்பி விட்டுவிடுங்கள்.

மலைமுகடு:

சரி, நான் கிண்டல் செய்தது உண்மை, இப்போது கேள்வி எனக்கும் வந்துவிட்டது. பாறையில் நின்று பிடித்தால் மேலே எடுப்பது எப்படி? ரொட்டால் தூக்கினால் கை அறும் என்கிறீர்கள்.

உப்புக்காற்று (திருகோணமலை):

நீளக் கைப்பிடி உள்ள வலை வேண்டும். கணவாய் பயந்தால் பின்பக்கமாகத்தான் பாயும், ஆகவே வலையை அதன் தலைப் பக்கம் காட்டாமல் வால் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, லைனை மெல்லத் தொய்ய விடாமல் வலையை நோக்கிக் கொண்டுவாருங்கள், பாய்ந்தால் தானே உள்ளே போய் விழும். வலைக்குள் எடுக்க முன் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழேயே அரை நிமிடம் வைத்திருங்கள், மையையும் தண்ணீரையும் அங்கேயே பீய்ச்சி முடிக்கட்டும். பிடிக்கும்போது தலைக்குப் பின்னால் உடம்பைச் சுற்றிப் பிடியுங்கள், மை பீய்ச்சும் குழாய் உங்கள் முகத்தைப் பார்க்காத பக்கமாக. கைகளுக்கு நடுவில் விரலைக் கொண்டுபோகாதீர்கள், அலகு விளையாட்டுக்கு இல்லை. வீட்டுக்குப் போனதும் ரீலைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஃப்ளையையும்தான்.

நானுஓயா தூண்டில்:

அத்தானிடம் கேட்டேன், வலை இருக்கிறதாம், பிடி குட்டை, மூங்கில் வைத்து நீட்டித் தருகிறேன் என்றார். கருமை இரண்டு, வெளிர் இரண்டு கட்டப் போகிறேன். தாழும் லைன் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரும்வரை மிதப்பதையே போடுகிறேன்.

உப்புக்காற்று (திருகோணமலை):

முடிவுக்கு வர மாட்டோம், நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வரும்போது நல்ல சட்டை போட்டு வராதீர்கள், மை போகாது.